வளைந்த முதுகும் மரத்த உறுப்பும்: காரணம் தேடுவதில் உள்ள சிக்கல்கள்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துள்ள ஒருவருக்குக் கையோ காலோ உடலின் வேறொரு பகுதியோ மரத்துப்போகத் தொடங்கி, முதற்கட்டப் பரிசோதனைகளில் காரணம் புலப்படாதபோது, அந்த வளைவுதான் மரப்பை உண்டாக்கியதா என்ற கேள்வி நோயாளியிடமும் மருத்துவரிடமும் ஒருசேர எழுகிறது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இக்கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. வளைவு நரம்பை நெருக்குகிறது என்பது ஒரு விடை. தண்டுவடத்தில் மறைந்திருக்கும் கோளாறே இரண்டையும் உண்டாக்குகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மரபணு நோயின் வெளிப்பாடுகள் என்றும், தற்செயலாக ஓர் உடலில் கூடியவை என்றும், வளைவுக்குச் செய்த சிகிச்சையின் விளைவு என்றும், நரம்பு மண்டலத்தின் செயற்பாட்டுக் குழப்பம் என்றும் பிற விடைகள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் சில நோயாளிகளைப் பொறுத்தவரை மெய்யே. ஆனால் எந்த ஒன்றையும் எல்லாருக்கும் பொதுவாக்க இயலாது. இவை எங்கிருந்து தோன்றின, எவ்விடத்தில் வலுவிழக்கின்றன, எவை இன்னும் தீராமல் உள்ளன என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

கேள்வியின் எல்லை

ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்க வளைவு என்பது, நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பு 10 பாகை அல்லது அதற்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைக் குறிக்கும். இந்தக் கோணத்தை அளக்கும் முறையை அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் காப் 1948ஆம் ஆண்டில் விளக்கினார். அதனால் அது காப் கோணம் என்றே வழங்குகிறது. வளைவு ஒரு தளத்தில் மட்டும் நிகழ்வதில்லை. முள்ளெலும்புகள் தம் அச்சில் திருகியும் கொள்கின்றன. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேரிடம் காணப்படும் வளைவுக்குக் காரணம் தெரியாததால் அது 'காரணமறியா வளைவு' எனப்படுகிறது. பக்க வளைவுகளில் பெரும்பான்மையானவை இவ்வகையே. பிறவியிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாததால் வருவது, நரம்பு அல்லது தசை நோய்களால் வருவது, நடுவயதுக்குப் பின் டிஸ்க்கும் மூட்டுகளும் தேய்வதால் வருவது ஆகியன ஏனைய வகைகள்.

மரத்துப்போதல் என்று நோயாளி சொல்வதும் ஒரே நிலையன்று. தொட்டால் தெரியாமை, சூடும் குளிரும் பிரித்தறிய இயலாமை, எறும்பு ஊர்வது போன்ற கூச்சம், மதமதப்பு, தசைத் தளர்ச்சி ஆகிய அனைத்தும் அந்த ஒரே புகாராக மருத்துவரிடம் வந்து சேரலாம். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி இவற்றைப் பிரிக்க உதவுகிறது: நடக்கும்போது கால் செருப்பு கழன்று போனால், அது கழல்வது தெரிகிறதா அல்லது சில அடி தள்ளி வந்த பிறகுதான் தெரிகிறதா? கழல்வது தெரிந்தும் தடுக்க முடியவில்லை என்றால் பாதத்தின் தசை தளர்ந்திருக்கக்கூடும்; தெரியாமலேயே கழன்றால் உணர்வு குறைந்திருக்கக்கூடும். முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடல் தள்ளாடுகிறதா என்ற கேள்வியும் இத்தகையதே. கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற உணர்வை இழந்தவர், கண் பார்வையின் துணை நீங்கியவுடன் நிலை தடுமாறுவார்.

வளைவே காரணம்: நெருக்கல் விளக்கம்

வளைந்த எலும்பு தன்னருகே செல்லும் நரம்பை நெருக்குகிறது என்ற விளக்கமே மிகப் பழையதும் கண்ணுக்கு நேரடியாகப் படுவதும் ஆகும். இகுவானோடான் என்ற தொல்விலங்கை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆங்கில மருத்துவரும் நிலவியலாளருமான கிடியன் மாண்டெல், 1841ஆம் ஆண்டு நிகழ்ந்த குதிரை வண்டி விபத்துக்குப் பின் தீராத முதுகு வலியோடு வாழ்ந்தார். அவருடைய இடுப்பருகே தென்பட்ட புடைப்பு கட்டி என்றே வாழ்நாளில் கருதப்பட்டது. 1852இல் அவர் இறந்த பின் உடலை ஆராய்ந்தபோதுதான், அது திருகிய இடுப்பு முள்ளெலும்புகளின் பக்க நீட்சிகள் புடைத்து நின்றமை என்பது வெளிப்பட்டது. அந்த முதுகெலும்பை ஆராய்ந்த வில்லியம் ஆடம்ஸ், வளைவோடு திருகலும் சேர்ந்தே நிகழ்கிறது என்பதை வலியுறுத்தினார். 1865இல் வெளிவந்த அவருடைய நூலை ஒட்டியே, முன்னோக்கிக் குனியச் செய்து முதுகின் ஒரு பக்கம் மேலெழுகிறதா எனப் பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நரம்பு நெருக்கப்படுவதற்கான உடற்கூற்று அடிப்படை 1934இல் மேலும் வலுப்பெற்றது. பிதுங்கிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்திக் கால் வலியை உண்டாக்குகிறது என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் அவ்வாண்டில் எடுத்துக்காட்டினர்.

இவ்விளக்கம் முதுமைத் தேய்மான வளைவுக்கு நன்கு பொருந்துகிறது. வளைவின் உட்குழிந்த பக்கத்தில் முள்ளெலும்புகள் ஒன்றையொன்று நெருங்குவதால், நரம்பு வேர் வெளியேறும் துளை சுருங்குகிறது. அதனால் தொடையின் முன்புறத்துக்கும் முழங்காலுக்கும் செல்லும் மூன்றாம், நான்காம் இடுப்பு நரம்பு வேர்கள் பெரும்பாலும் உட்குழிந்த பக்கத்தில் நெருக்கப்படுகின்றன. பாதத்துக்குச் செல்லும் ஐந்தாம் இடுப்பு நரம்பும் முதல் திரிக நரம்பும் எதிர்ப்பக்கத்தில், தண்டுவடக் கால்வாயின் ஓரத்தில் நெருக்கப்படுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே பக்கமும் மட்டமும் பொருந்துகின்றனவா என்பதைச் சரிபார்க்க இயல்கிறது என்பதே இவ்விளக்கத்தின் வலிமை.

ஆனால் இதே விளக்கத்தை இளம் வயதினரின் காரணமறியா வளைவுக்கு நீட்டும்போது அது வலுவிழக்கிறது. அவ்வகை வளைவில் தண்டுவடம் உட்குழிந்த பக்கமாக ஒதுங்கினாலும், அதைச் சுற்றிய கால்வாயில் போதிய இடம் இருப்பதால் அது நசுங்குவது அரிது. தண்டுவடம் வளைவினாலேயே நசுங்கிக் கால் செயலிழப்பது பெரும்பாலும் கூர்மையாகக் கூனும் பிறவி வளைவுகளிலும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் போன்ற நோய்களிலுமே நிகழ்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் சிகிச்சை பெறாத 117 பேரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட முதுகு வலி 61 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 35 விழுக்காடு. வலி கூடுதலாக இருந்தபோதிலும் பெரும்பாலானோர் தம் அன்றாட வாழ்வை இயல்பாகவே நடத்திவந்தனர். ஆகவே வலியை வளைவோடு இணைப்பதற்கு உள்ள சான்று, மரப்பை வளைவோடு இணைப்பதற்கு இல்லை. இளையோரின் சாதாரண வளைவில் மரப்பு எதிர்பார்க்கப்படும் அறிகுறியன்று. அது தோன்றினால் வேறு காரணம் தேடவேண்டும் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட நிலை.

வளைவே ஓர் அறிகுறி: தண்டுவட விளக்கம்

இரண்டாவது விளக்கம் காரண காரியத் திசையைத் திருப்பிவிடுகிறது. தண்டுவடத்தின் நடுவே நீர் தேங்கிக் குழிவு உண்டாகும் நிலைக்குப் பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே 1827இல் சிரிங்கோமைலியா என்று பெயரிட்டார். சிறுமூளையின் அடிநுனிகள் மண்டையோட்டின் கீழ்த்துளை வழியாகக் கழுத்துக் கால்வாய்க்குள் இறங்கும் அமைப்பை, பிராகா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி 1891இல் விவரித்தார். இவ்விரண்டும் பல வேளைகளில் சேர்ந்தே காணப்படுகின்றன. வளரும் குழந்தையின் தண்டுவடத்தில் இத்தகைய குழிவு இருக்குமானால், முதுகின் இருபுறத் தசைகளையும் சமநிலையில் வைக்கும் கட்டுப்பாடு குலைந்து, முதுகெலும்பு வளையத் தொடங்கலாம். அங்கே வளைவு நோயன்று, நோயின் வெளித்தோற்றம்.

இந்நிலையில் ஏற்படும் மரப்புக்குத் தனித்த வடிவம் உண்டு. வலியையும் வெப்பத்தையும் கடத்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து செல்கின்றன; தொடுகையையும் மூட்டு நிலையையும் கடத்தும் இழைகள் பின்புறமாகத் தனிப்பாதையில் மேலேறுகின்றன. நடுவே உண்டாகும் குழிவு முதல் வகை இழைகளை அறுத்து, இரண்டாம் வகையை விட்டுவைக்கிறது. அதனால் தோள்களிலும் கைகளிலும் தொடுவது தெரியும், ஆனால் சூடு தெரியாது. அடுப்பில் இருக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைத்து, பின்னர் கொப்புளத்தைப் பார்த்த பிறகே சுட்டது அறியும் நிலை இதன் செவ்வியல் வெளிப்பாடாகும். பஞ்சால் மட்டும் தொட்டுப் பார்க்கும் மேலோட்டமான பரிசோதனையில் இக்குறை முழுவதுமாகத் தப்பிவிடும்.

இவ்விளக்கம் எழுப்பிய நடைமுறை விவாதம், வளைவு உள்ள அனைவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்பதாகும். 10 வயதுக்கு முன்பே தோன்றும் குறிப்பிடத்தக்க வளைவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தண்டுவடக் கோளாறு இருக்கக்கூடும் என்பதால், அவ்வயதினருக்கு எடுப்பதில் கருத்து வேறுபாடு குறைவு. வளரிளம் பருவத்தினரில் நிலை வேறு. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 327 பேருக்கு வழக்கமாக எடுத்த படங்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், 7 பேரிடம் மட்டுமே பிறழ்வு காணப்பட்டது. இதனால் பலர் குறிப்பிட்ட எச்சரிக்கை அடையாளங்கள் உள்ளவர்களுக்கு மட்டும் படம் எடுத்தால் போதும் என்கின்றனர்: மார்புப் பகுதி வளைவு வழக்கத்துக்கு மாறாக இடப்புறம் புடைத்திருத்தல், வளைவு விரைந்து கூடுதல், கடும் தலைவலி, கால் அளவில் வேறுபாடு, தொப்புளைச் சுற்றிய தோலை மெல்லக் கீறும்போது வயிற்றுத் தசை ஒரு பக்கம் மட்டும் சுருங்காதிருத்தல் முதலியன அவை. மரப்பே இவ்வடையாளங்களுள் ஒன்று என்பதால், மரப்போடு வரும் இளம் நோயாளிக்கு இவ்விவாதம் பொருந்தாது. அவருக்கு மூளையின் அடியிலிருந்து தண்டுவட முடிவு வரை படம் எடுப்பதே முறை.

இவ்விளக்கத்தின் பலவீனம் அதன் மறுபுறத்தில் உள்ளது. சிறுமூளை நுனி 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கியாரி அமைப்பு என்று கொள்வது வழக்கம். ஆனால் எந்த அறிகுறியும் இல்லாத பலரிடமும் அது தற்செயலாகத் தென்படுகிறது. நூலிழை போன்ற சிறு குழிவுகளும் அவ்வாறே. படத்தில் ஒன்று தென்பட்டது என்பதனாலேயே பாதத்தின் மரப்பை அதனோடு இணைத்துவிட முடியாது.

நரம்பு நோயால் வளைவு வந்தாலும் மரப்பு வரவேண்டும் என்பதில்லை என்பதற்கு இளம்பிள்ளை வாதம் சான்றாகும். இந்தியாவில் அந்நோயின் கடைசி இயல்புவகை பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவாயிற்று. ஆயினும் குழந்தைப் பருவத்தில் பாதிக்கப்பட்டு வளைந்த முதுகோடு வாழும் நடுவயதினரும் முதியோரும் பலர். போலியோ கிருமி தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. உணர்வு நரம்புகளைத் தொடுவதில்லை. ஆகவே இவர்களிடம் புதிதாக மரப்பு தோன்றினால், அதைப் பழைய போலியோவின் எச்சம் என்று ஒதுக்குவது பிழையாகும்.

இரண்டுக்கும் ஒரே வேர்: மரபணு விளக்கம்

வளைவும் மரப்பும் ஒன்றையொன்று உண்டாக்காமல், மூன்றாவதான ஒரு நோயிலிருந்து கிளைக்கலாம் என்பது அடுத்த விளக்கம். 1886இல் பிரான்சின் சார்கோவும் மாரீயும் இங்கிலாந்தின் டூத்தும் விவரித்ததால் மூவர் பெயராலும் வழங்கும் சார்கோ-மாரீ-டூத் நோய், புறநரம்புகளை மெல்ல மெல்லச் சிதைக்கும் மரபு நோயாகும். உயர்ந்து வளைந்த உள்ளங்கால், மடங்கிய கால்விரல்கள், மெலிந்த கெண்டைக்கால் ஆகியவற்றோடு சிலரிடம் முதுகு வளைவும் சேர்கிறது. ஹைடல்பெர்க் நகரின் நிக்கோலஸ் ஃபிரீட்ரைக் 1863 முதல் விவரித்த தள்ளாட்ட நோயில், முதுகு வளைவு பெரும்பாலானோருக்கு உண்டாகிறது. பாதங்களில் அதிர்வுணர்வு குன்றுகிறது. இதயமும் பாதிக்கப்படுவதால் இதைக் கண்டறிவது உயிர் காக்கும் செயலாகிறது. இதற்கான மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய் இது; நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள தமிழ்ச் சமூகத்தில், பெற்றோரின் உறவுமுறை பற்றிய கேள்வி நோயறிதலின் ஒரு பகுதியாக இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

இவ்விளக்கத்தின் பயனை ஓர் ஆய்வு தெளிவாக்கியது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்துக்குக் காரணம் தெரியாத புறநரம்பு நோய் என்று அனுப்பப்பட்ட 205 பேரைத் தீவிரமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவில், 76 விழுக்காட்டினருக்குக் காரணம் கண்டறியப்பட்டது. மரபு நோய்கள் மட்டுமே 42 விழுக்காடு. அங்கே விடையைத் தந்ததில் நோயாளியின் உறவினர்களை நேரில் அழைத்து அவர்களுடைய கால்களையும் பரிசோதித்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை என்று சொல்லப்படுவதும், குடும்பத்தினரைப் பரிசோதித்துப் பார்ப்பதும் வேறு வேறு என்பதை இது உணர்த்துகிறது.

அண்மைக் காலத்தில் இத்துறையில் மற்றொரு கருதுகோள் வலுப்பெற்று வருகிறது. தொடுகையையும் உடல் நிலையையும் உணர்த்தும் பீசோ2 என்ற புரதத்தை மரபணுப் பிறழ்வால் இழந்த நோயாளிகளிடம் முதுகு வளைவும் இருப்பது 2016இல் விவரிக்கப்பட்டது. பீசோ வகைப் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தசையும் மூட்டும் தம் நிலையை மூளைக்கு அறிவிக்கும் உணர்வு குன்றியதனாலேயே முதுகு வளைகிறதோ என்ற ஐயத்துக்கு எலிகளில் நடந்த ஆய்வுகளும் இடமளிக்கின்றன. எனினும் இவை பிறவியிலேயே உள்ள அரிய நிலைகள். நடுவயதில் புதிதாகத் தோன்றும் மரப்பை விளக்க இவற்றை இப்போது பயன்படுத்துவது மிகை.

தொடர்பே இல்லை: புறநரம்பு விளக்கம்

60 வயதுக்கு மேற்பட்ட 75 தன்னார்வலர்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில் 68 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அளவில் பக்க வளைவு இருந்தது. இத்தனை பரவலான ஒன்று, பரவலாகக் காணப்படும் மற்றொரு நோயோடு தற்செயலாகச் சேர்வதில் வியப்பில்லை. நீரிழிவு உள்ளவர்களில் காலப்போக்கில் ஏறத்தாழ பாதிப் பேர் வரை நரம்புப் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். அம்மரப்பு இரு பாதங்களின் விரல் நுனிகளில் தொடங்கி, காலுறை அணியும் பரப்பு முழுவதும் சமமாக மேலேறும். வைட்டமின் பி12 குறைபாடு இரத்தசோகை தோன்றுவதற்கு முன்பே நரம்பைத் தாக்கக்கூடும்; முழுச் சைவ உணவினரிடமும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரிடமும் இதை முதலில் தேடுவது நல்லது. தைராய்டு சுரப்புக் குறைவு, மது, காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியனவும் இப்பட்டியலில் அடங்கும்.

இந்தியாவில் இவற்றோடு தொழுநோயையும் சேர்க்காமல் விடமுடியாது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட் நிறுவினார். தோலில் தேமல் இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகையும் இந்நோயில் உண்டு. முழங்கையின் பின்புற எலும்பை ஒட்டி ஓடும் நரம்பை விரலால் தடவிப் பார்த்து, அது தடித்திருக்கிறதா என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் முதுகு வளைவின் படத்தில் கவனம் சென்றுவிட்டால் அந்த எளிய செயல் விடுபட்டுப்போகிறது.

'தொடர்பில்லை' என்ற நிலைப்பாட்டுக்கும் குறை உண்டு. அது பெரும்பான்மையின் அடிப்படையில் பேசுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு மரப்பு என்றவுடன் நீரிழிவே காரணம் என்று முடிப்பது, வளைவு உள்ளவருக்கு வளைவே காரணம் என்று முடிப்பதற்கு நிகரான அவசரம். ஒரு காலில் மட்டும் தோன்றுவது, சில நாட்களில் விரைந்து பரவுவது, கையில் தொடங்குவது ஆகியன நீரிழிவு நரம்பு நோயின் வழக்கமான வடிவங்கள் அல்ல.

சிகிச்சையே காரணமாகும்போது

வளைவுக்கு அணியும் பெல்ட் வகைக் கவசமும், எலும்பைப் பிணைக்கும் அறுவை சிகிச்சையும் மரப்பை உண்டாக்கலாம் என்பது பொதுவாகக் குறைவாகவே பேசப்படுகிறது. இடுப்பு எலும்பின் முன்முனையருகே தொடைக்கு இறங்கும் தோல் நரம்பைக் கவசத்தின் விளிம்பு அழுத்தினால், தொடையின் வெளிப்புறம் கைகொள்ளும் அளவுக்கு மரத்துப்போகும். தசை பலம் குன்றாது. இறுக்கமான உடையும் உடல் பருமனும் கூட உண்டாக்கும் இந்நிலையைப் பெர்ன்ஹார்ட், ரோத் ஆகியோர் 1895இல் விவரித்தனர். அதே ஆண்டில் தமக்கே இருந்த இந்நோயைப் பற்றிச் சிக்மண்ட் ஃபிராய்டும் எழுதினார். பிணைப்புக்காக இடுப்பு எலும்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்தவர்களுக்குப் பிட்டத்தின் மேற்பகுதியும், விலா வழியாக அறுவை செய்தவர்களுக்கு மார்பின் ஒரு பட்டையும் மரத்துப்போவதுண்டு. இவற்றில் பல தீங்கற்றவை. ஆனால் அறுவை நடந்து பல ஆண்டுகளுக்குப் பின் புதிதாகத் தோன்றும் மரப்பை இவ்வாறு எடுத்துக்கொள்ள முடியாது. பிணைத்த பகுதிக்கு அடுத்துள்ள மட்டங்கள் கூடுதல் சுமை தாங்கித் தேய்வதும் திருகாணி நகர்வதும் அப்போது கருதப்பட வேண்டியவை.

'ஒன்றுமில்லை' என்ற விடை: செயற்பாட்டு விளக்கம்

பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக இருக்கும்போது, நரம்பின் கட்டமைப்பு பழுதுறாமல் அதன் செயற்பாடு மட்டும் குழம்பியிருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்படுகிறது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்கோ ஆராய்ந்த ஹிஸ்டீரியாவின் வழிவந்த கருத்து இது. 1965இல் லண்டனின் எலியட் ஸ்லேட்டர், அப்படி முத்திரை குத்தப்பட்ட 85 பேரைப் பின்தொடர்ந்து, அவர்களில் பலருக்கு உண்மையில் உடல் நோய் இருந்ததைக் காட்டி இந்த நோயறிதலையே கேள்விக்குள்ளாக்கினார். ஆயினும் 2005இல் வெளியான தொகுப்பாய்வு, அத்தகைய பிழை 1950களில் 29 விழுக்காடாக இருந்து, 1970களுக்குப் பின் ஏறத்தாழ 4 விழுக்காடாகக் குறைந்துவிட்டதாகக் கண்டது.

இன்றைய நிலைப்பாடு, செயற்பாட்டு நோயைப் பிற நோய்கள் இல்லாமையால் மட்டும் முடிவுசெய்யாமல், அதற்கே உரிய நேர்முக அடையாளங்களால் முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. தசைத் தளர்ச்சிக்கு அத்தகைய நம்பத்தகுந்த அடையாளங்கள் உள்ளன. ஆனால் மரப்புக்கு அவை வலுவற்றவை. உடலின் நடுக்கோட்டில் மரப்பு துல்லியமாக நிற்பது செயற்பாட்டு நோயின் அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உடல் நோய் உள்ளவர்களிடமும் அது காணப்படுகிறது. ஆகவே மரப்பு மட்டுமே உள்ள நோயாளியிடம் இவ்விளக்கத்தை உறுதியாகச் சொல்வது கடினம். இத்தகைய மரப்பு பாசாங்கு அன்று என்பதையும், உடல் நோயோடு சேர்ந்தும் இது இருக்கக்கூடும் என்பதையும் தெளிவாக்காதபோது, நோயாளி அடுத்த மருத்துவரை நாடிச் செல்வதும் பரிசோதனைகள் திரும்பத் திரும்ப நடப்பதும் தொடர்கின்றன.

கருவிகளின் வரம்பு

மேற்கண்ட விளக்கங்களுக்கிடையே தீர்ப்பளிக்கும் கருவிகளாக எம்.ஆர்.ஐ. படமும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் கருதப்படுகின்றன. எம்.ஆர்.ஐ. மிகுதியாகக் காட்டிவிடும் இயல்புடையது. முதுகு வலியே இல்லாத 98 பேரை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஒரு மட்டத்திலேனும் டிஸ்க் புடைப்பு இருந்தது. மறுபுறம், படம் படுத்த நிலையில் எடுக்கப்படுவதால், நிற்கும்போது மட்டும் நேரும் நெருக்கலை அது காட்டாமல் விடலாம். திருகிய முதுகெலும்பில் நரம்புத் துளைகள் படத்தின் தளத்துக்குச் சாய்வாக அமைவதால் குறுக்கத்தை மதிப்பிடுவதும் கடினம். உலோகக் கம்பி பொருத்தியவர்களிடம் அதன் நிழலே முக்கியமான இடத்தை மறைத்துவிடும்.

நரம்புக் கடத்தல் பரிசோதனையின் வரம்பு இன்னும் நுட்பமானது. உணர்வு நரம்பின் உயிரணு, முதுகெலும்பின் துளையருகே உள்ள முடிச்சில் இருக்கிறது. டிஸ்க்கோ எலும்போ அந்த முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே நெருக்கினால், கால் வரை செல்லும் இழை உயிரணுவோடு இணைந்தே இருப்பதால், கால் மரத்திருக்கும்போதும் பரிசோதனை இயல்பாகவே வரும். இது குறையாகத் தோன்றினாலும் ஒரு தடயமாகவும் அமைகிறது: மரத்த பகுதியில் உணர்வுக் கடத்தல் இயல்பாக இருந்தால், கோளாறு முடிச்சுக்கு மேலே இருக்கலாம். ஆனால் அதே இயல்பான முடிவு, வலியையும் வெப்பத்தையும் கடத்தும் நுண்ணிழைகள் மட்டும் பழுதுறும் நோயிலும் வரும். இப்பரிசோதனை பருத்த இழைகளை மட்டுமே அளக்கிறது. நுண்ணிழை நோயைக் கண்டறிய, சிறு தோல் துண்டை எடுத்து அதிலுள்ள நரம்பிழைகளை நுண்ணோக்கியில் எண்ணும் முறை உள்ளது. அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. எந்த நரம்பு வேர் எந்தத் தோல் பட்டைக்கு உணர்வளிக்கிறது என்று காட்டும் வரைபடங்களே தமக்குள் ஒத்துப்போவதில்லை. 1933இல் ஃபோர்ஸ்டர் வெளியிட்டதும் 1948இல் கீகனும் காரெட்டும் வெளியிட்டதும் கால் பகுதியில் கணிசமாக வேறுபடுகின்றன.

இவ்வரம்புகள் காரணமாகவே, பரிசோதனைக்கு முன் கேட்கும் கேள்விகளும் உடல் ஆய்வும் தம் முதன்மையை இழக்கவில்லை. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய மரப்பு, சிறுநீரோ மலமோ அடங்காமை அல்லது வெளியேறாமை, நாட்கணக்கில் கூடும் கால் தளர்ச்சி ஆகியவை இருந்தால் மட்டும் இத்தகைய நிதானமான தேடலுக்கு இடமில்லை; அது தண்டுவட முடிவிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கும் அவசர நிலையாகலாம், அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.

எஞ்சி நிற்பவை

மேலே கண்ட ஆறு விளக்கங்களையும் ஒருங்கே நோக்கும்போது, அவை ஒன்றுக்கொன்று போட்டியானவை என்பதைவிட, வேறு வேறு நோயாளிகளைப் பற்றிப் பேசுபவை என்பது தெரிகிறது. பிழை பெரும்பாலும் ஒரு விளக்கம் தவறாக இருப்பதால் நேர்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் வளைவு, கண்ணுக்குத் தெரியாத மரப்புக்கான விடையாகச் சோதனையின்றி ஏற்கப்படுவதாலோ, அதற்கு மாறாக, 'வளைவு நரம்பைப் பாதிக்காது' என்ற பொதுவிதி எல்லா வளைவுகளுக்கும் விரிக்கப்படுவதாலோ நேர்கிறது. வளைவின் வகையைத் தனியாகவும், மரப்பு நரம்புப் பாதையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத் தனியாகவும் முதலில் நிறுவி, அதன் பின் இடம், பக்கம், காலம் ஆகிய மூன்றிலும் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வரிசையே, கிடைத்துள்ள சான்றுகளுக்கு மிக நெருக்கமானதாகத் தோன்றுகிறது. மூன்றும் பொருந்தினால் வளைவைக் காரணமாகக் கொள்ளலாம். ஒன்றேனும் பொருந்தாவிட்டால் தேடல் தொடரவேண்டும்.

இவ்வரிசையும் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. முழுமையான ஆய்வுக்குப் பின்னும் புறநரம்பு நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை காரணம் தெரியாமலேயே எஞ்சுகின்றனர். தற்செயலாகத் தென்படும் சிறு குழிவையும் சற்றே இறங்கிய சிறுமூளை நுனியையும் எப்போது பொருட்படுத்துவது என்பதில் உடன்பாடு இல்லை. உடல்நிலை உணர்வின் குறைபாடு சாதாரண வளைவுக்கும் காரணமா என்பது கருதுகோள் நிலையிலேயே உள்ளது; அது உறுதிப்படுமானால் வளைவையும் மரப்பையும் பற்றிய பழைய பிரிவுகள் சிலவற்றை மறுபரிசீலனை செய்ய நேரும். அதுவரை, காரணமறியா மரப்பு என்ற விடையை முடிவாகக் கொள்ளாமல், குறித்த இடைவெளியில் மீண்டும் பரிசோதிக்க வேண்டிய தற்காலிக நிலையாகக் கொள்வதே பொருத்தம். 1981ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியபடி, காரணம் தெரியவில்லை என்று முதலில் கருதப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தீவிரமான மறு ஆய்வு விடை தரக்கூடும்.